மிளகாய்த்தூள் பையை மாற்றியதில் போன 38,000 வெள்ளி

2024 டிசம்பர் இரண்டாம் வாரம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. சிங்கப்பூர் செனோக்கோவில் இருக்கும் எங்கள் மசாலாத் தொழிற்கூடத்தின் பின்வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. சரக்கு எடுக்க வந்த லாரி என்று நினைத்துத்தான் வெளியே போனேன். அது சரக்கைத் திருப்பித் தர வந்த லாரி. எங்கள் மிகப் பெரிய வாடிக்கையாளரின் கிடங்கிலிருந்து 9,600 பொட்டலம் மிளகாய்த்தூள் திரும்பி வந்திருந்தது. ஒரு பெட்டியைப் பிரித்து, ஒரு பையைக் கத்தரித்து, எஃகுத் தட்டில் கவிழ்த்தேன். தூள் கொட்டவில்லை. பை இருந்த வடிவத்திலேயே செங்கல் போலத் தட்டில் வந்து விழுந்தது. விரலால் அழுத்தியபோது ஈர மணலைப் போல உதிர்ந்தது. குண்டூர் மிளகாய்க்கு உரிய அந்த நெருப்புச் சிவப்பு மங்கிச் செம்மண் நிறத்துக்கு வந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன், தும்மல்கூட வரவில்லை. மழைச் சாரல் அடிக்கும் அந்த வாசலில் தட்டைக் கையில் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பையைத் தேர்ந்தெடுத்தது நான். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று நம்பி, மூன்று மாதம் ஓடியாடி, முதலாளியிடம் வாதாடி மாற்ற வைத்ததும் நான்தான். எங்களைப் போன்ற சிறிய நிறுவனங்களில் தரக்கட்டுப்பாடு, கொள்முதல், இப்போது புதிதாகச் சுற்றுச்சூழலைக் காக்கும் நீடித்த நிலைத்தன்மை என எல்லாம் ஒரே ஆளின் மேசைக்கு வந்து சேர்கின்றன. அப்படி ஒரு மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நாங்கள் மொத்தம் 23 பேர். குண்டூரிலிருந்து மிளகாய், ஈரோட்டிலிருந்து மஞ்சள், குஜராத்திலிருந்து சீரகம் என்று வரவழைத்து, இங்கே அரைத்துப் பொட்டலம் போட்டுப் பேரங்காடிகளுக்கும் ஹோட்டல் சமையலறைகளுக்கும் அனுப்புகிறோம். 2024 மார்ச்சில் அந்தப் பெரிய வாடிக்கையாளரிடமிருந்து ஒரு கடிதமும் 40 பக்கக் கேள்விப் பட்டியலும் வந்தன. எவ்வளவு மின்சாரம் செலவாகிறது, மூலப்பொருள் எந்த வழியாக வருகிறது, பொட்டலப் பொருளில் எத்தனை விழுக்காடு மறுசுழற்சிக்கு உகந்தது என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். பதில் தர ஆறு வாரம் கெடு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சிங்கப்பூர்ப் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் 2025 நிதியாண்டு முதல் தங்கள் சொந்தப் பசுமையில்ல வாயு வெளியேற்றத்தையும், வாங்கும் மின்சாரத்தால் ஏற்படும் வெளியேற்றத்தையும் கணக்குக் காட்ட வேண்டும். அதற்கு அடுத்த வட்டம்தான் வாங்கும் பொருள்கள், போக்குவரத்து உள்ளிட்ட 15 பிரிவுகள் கொண்ட மூன்றாம் வகைக் கணக்கு. அந்த வட்டத்தில்தான் எங்களைப் போன்றவர்கள் நிற்கிறோம். மேலே இருப்பவர் கணக்குக் காட்ட வேண்டுமானால் கீழே இருப்பவரிடம் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

கடிதத்தைப் பார்த்ததும் முதலாளி பதறிப்போய், "கரிம வரி நம் தலையில் விழப்போகிறதா அம்மா?" என்று கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. அந்தப் பதற்றத்திலேயே கிட்டத்தட்ட மூன்று வாரம் போயிற்று. உங்களுக்கு அந்த மூன்று வாரம் வீணாக வேண்டாம் என்பதால் சொல்லிவிடுகிறேன். கரிம வரி, ஆண்டுக்கு 25,000 டன்னும் அதற்கு மேலும் வெளியேற்றும் தொழிற்கூடங்களுக்குத்தான். 2024இல் அது டன்னுக்கு 25 வெள்ளி, 2026இல் 45 வெள்ளி. எங்கள் மின்சாரச் செலவு மாதம் சுமார் 18,000 யூனிட். இங்கே ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.41 கிலோ கரியமிலவாயு என்று அப்போது கணக்கு. பெருக்கினால் மாதம் 7.4 டன், ஆண்டுக்கு 90 டன்கூட வராது. மின்நிலையம் தான் கட்டும் வரியை மின்கட்டணத்தில் முழுவதுமாக ஏற்றினாலும் 25 வெள்ளி விகிதத்தில் எங்களுக்கு மாதம் 185 வெள்ளிதான் கூடும். பொட்டலப் பொருள் குறித்து ஆண்டுதோறும் அறிக்கை தரும் கடமையும் அப்படித்தான்: ஆண்டு விற்பனை ஒரு கோடி வெள்ளியைத் தாண்டியவர்களுக்கே அது பொருந்தும், நாங்கள் அந்த எல்லைக்குள் வரவில்லை. முதலில் உங்கள் மின்கட்டண ரசீதையும் விற்பனைக் கணக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு இந்த இரண்டு எல்லைகளையும் பாருங்கள். ஒரு மாலை நேரம் போதும்.

இதே கணக்கில் நான் இன்னொரு பிழையும் செய்தேன். டன் கேட்ட கட்டத்தில் கிலோவை எழுதி, 7.4 என்பதற்குப் பதில் 7,416 என்று அனுப்பிவிட்டேன். அவர்கள் திருப்பி அனுப்பிக் கேட்டபோது முகம் சிவந்துபோயிற்று. மிளகாயின் ஈரப்பதத்தை எழுதும்போது இரண்டாவது ஆள் சரிபார்க்காமல் எங்கள் கூடத்தில் எந்தத் தாளும் வெளியே போகாது. வெளியேற்றக் கணக்கை மட்டும் நான் தனியாகப் போட்டு, தனியாக அனுப்பினேன். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. தரத்துக்கு ஒரு கோப்பு, கொள்முதலுக்கு ஒரு கோப்பு என்று இருந்த அலமாரியில் நீடித்த நிலைத்தன்மைக்கென்று பச்சை அட்டை போட்ட மூன்றாவது கோப்பு ஒன்றைத் திறந்தேன். பழைய இரண்டு கோப்புகளிலும் இருந்த எந்தக் காவலும் அந்த மூன்றாவதில் இல்லை.

இனி பைக்கு வருகிறேன். எங்கள் பழைய பை மூன்று அடுக்கு: வெளியே பாலியஸ்டர், நடுவில் அலுமினியத் தகடு, உள்ளே பாலித்தீன். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் பிரித்து மறுசுழற்சி செய்வது மிகக் கடினம். புதிய விநியோகிப்பாளர் ஒருவர் முழுவதும் பாலித்தீனாலான ஒரே பொருள் பையைக் காட்டினார். "நூறு விழுக்காடு மறுசுழற்சிக்கு உகந்தது" என்று சான்றிதழும் வைத்திருந்தார். விலை ஒரு பைக்கு ஒரு காசுதான் கூடுதல். கேள்விப் பட்டியலில் பூச்சியம் என்று எழுதியிருந்த கட்டத்தில் 85 விழுக்காடு என்று எழுதலாம். எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி! ஜூன் மாதம் அந்தப் பைக்கான பிலிம் ரோல்களுக்கு ஆர்டர் கொடுத்தேன்.

ஜூலையில் முதல் நாள் ஓட்டம். பொட்டலம் போடும் இயந்திரத்தை இயக்கும் அக்கா மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வருகிறவர். விடியற்காலை நான்கு மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவார். அந்த இயந்திரத்தோடு பதினோரு ஆண்டுப் பழக்கம். ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, இந்தப் பிலிம் சூடு தாங்கவில்லை. சூட்டைக் கூட்டினால் சுருங்குகிறது, குறைத்தால் வாய் ஒட்டவில்லை. பழைய பை மாதிரி இல்லை" என்றார். ஒரு பையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அழுத்திக் காட்டினார். பையின் மூலையிலிருந்து கடுகளவு குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "வேகத்தைக் கொஞ்சம் குறைத்து ஓட்டுங்கள் அக்கா, பழகிவிடும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இதை எழுதும்போதுகூட என் கை தயங்குகிறது. பழைய விநியோகிப்பாளரின் ரோலில் அந்தக் குமிழி வந்திருந்தால் அன்றே இயந்திரத்தை நிறுத்தியிருப்பேன். நல்ல காரியத்துக்காகச் செய்கிறோம் என்ற எண்ணம் கண்ணை மறைத்துவிட்டது.

கண்ணுக்குத் தெரிந்த குறை வாய் ஒட்டாதது. அதைவிடப் பெரிய குறை காகிதத்திலேயே இருந்தது. விநியோகிப்பாளர் தந்த விவரத்தாளில் பிலிம் வழியாக நாளொன்றுக்கு எவ்வளவு நீராவி ஊடுருவும் என்ற எண் இருந்தது. எண் சிறியதாக இருந்ததால் நல்லது என்று எடுத்துக்கொண்டேன். அதன் கீழே பொடி எழுத்தில் சோதனை நடந்த சூழல் இருந்தது: 23 டிகிரி, 85 விழுக்காடு ஈரப்பதம். வெப்ப நாடுகளுக்கான சோதனையை 38 டிகிரி, 90 விழுக்காட்டில் செய்வது வழக்கம். இங்கே ஆண்டின் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். குளிரூட்டப்படாத கிடங்கின் மேல்தட்டில் பகலில் நிற்கவே முடியாது. சூடு ஏற ஏறப் பிலிம் வழியாக நீராவி புகும் வேகமும் ஏறும். அலுமினியத் தகடு இருந்த காலத்தில் இதைப் பற்றிக் கவலைப்படவே தேவை இருந்ததில்லை. தகடு ஏறத்தாழ எல்லாவற்றையும் தடுத்துவிடும். ஆகவே பையோ பிலிமோ மாற்றுகிறீர்கள் என்றால் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அது எந்தச் சூட்டில், எந்த ஈரப்பதத்தில் எடுத்த எண் என்று பாருங்கள். அது எழுதப்படாத விவரத்தாளை வாங்கவே வாங்காதீர்கள்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை எந்தப் புகாரும் இல்லை. தீபாவளி விற்பனையில் சரக்கு வேகமாக நகர்ந்ததால் குறை வெளியே தெரியவில்லை. பண்டிகை முடிந்ததும் மிச்சச் சரக்கு கிடங்கில் தங்கியது, மழை பிடித்தது, தூள் ஈரத்தைக் குடித்தது. பொட்டலம் போடும்போது 9 விழுக்காடாக இருந்த ஈரப்பதம், திரும்பி வந்த பைகளில் 13ஐத் தாண்டியிருந்தது. நாங்கள் வைத்திருக்கும் எல்லை 11. கட்டி பிடித்தது வெறும் தோற்றக் குறை என்றால் சலித்து மீண்டும் விற்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஈரம் ஏறிய மிளகாயில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் நச்சு வரக்கூடும். கட்டியைச் சலித்துவிடலாம், நச்சைச் சலிக்க முடியாது. அந்த ஒரு முடிவில் மட்டும் நான் தடுமாறவில்லை. மொத்தத்தையும் அழித்தோம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பொட்டலம் 2.20 வெள்ளி வீதம் 9,600க்கு 21,120 வெள்ளி. பயன்படுத்த முடியாமல் நின்ற புதிய பிலிம் ரோல்கள் 8,400. ஆய்வகச் சோதனை 1,800. அப்புறப்படுத்திய செலவும் மிகைநேரச் சம்பளமும் 2,700. வாடிக்கையாளரின் அலமாரி காலியாகிவிடக் கூடாது என்று பழைய மூன்றடுக்கு ரோல்களை அவசரமாக விமானத்தில் வரவழைத்ததற்கு 3,900. கூட்டினால் 37,920 வெள்ளி. மாதம் 185 வெள்ளி கரிம வரிக்குப் பயந்த நாங்கள் ஒரே மாதத்தில் இதை இழந்தோம்.

பணத்தைவிட என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. எந்தப் பையைக் கைவிட்டேனோ, அதே பை விமானம் ஏறி வந்தது. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோகக் கப்பலைவிட விமானம் பல பத்து மடங்கு அதிகமாக வெளியேற்றுகிறது. திரும்பி வந்த தூள் எல்லாம் எரியூட்டு ஆலைக்குப் போயிற்று. குண்டூரில் பாய்ந்த தண்ணீர், போட்ட உரம், வெயிலில் காயவைத்தவர்களின் உழைப்பு, கடல் தாண்டி வந்த எரிபொருள், இங்கே அரைத்த மின்சாரம் எல்லாம் அதோடு எரிந்தன. உணவுப் பொருளில் பெரும்பாலும் பொட்டலத்தைவிட உள்ளே இருக்கும் பொருளுக்குத்தான் சுற்றுச்சூழல் செலவு அதிகம். பைக்காக உள்ளே இருந்ததை நான் பலி கொடுத்துவிட்டேன். அந்த வாரம் பேருந்தில் வீடு திரும்பும்போதெல்லாம் இதே நினைவு.

இன்னொன்றும் பிறகுதான் உறைத்தது. மறுசுழற்சிக்கு உகந்தது என்பது வேறு, இந்த ஊரில் உண்மையில் மறுசுழற்சி ஆவது வேறு. வீட்டுக் குப்பை இங்கே பெரும்பாலும் எரிக்கப்பட்டு, சாம்பல் செமக்காவ் தீவில் உள்ள குப்பை நிரப்பிடத்துக்குப் போகிறது. அந்த நிரப்பிடம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் பிளாஸ்டிக் மறுசுழற்சி விகிதம் ஒற்றை இலக்க விழுக்காட்டில்தான் நிற்கிறது. மிளகாய் எண்ணெய் படிந்த சிறு பையை யார் கழுவி மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில் போடப்போகிறார்கள்? மக்கும் பை என்று யாராவது விற்க வந்தாலும் இதே கேள்வியைக் கேளுங்கள். எரியப்போகும் பை மக்கும் தன்மையோடு இருந்து என்ன பயன்? இங்கே பொருளின் எடையைக் குறைப்பதுதான் உறுதியான ஆதாயம் என்பது என் முடிவு.

2025 ஜனவரியில் தர நிர்வாகத்துக்கான ஐஎஸ்ஓ 9001 தரநிலைத் தணிக்கை வந்தது. 2024 பிப்ரவரியில் அந்தத் தரநிலையில் ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது: பருவநிலை மாற்றம் தன் வேலையைப் பாதிக்குமா என்று நிறுவனம் ஆராய்ந்து தீர்மானிக்க வேண்டும். தணிக்கையாளர் அதைக் கேட்டதும் பச்சைக் கோப்பை எடுத்து நீட்டினேன். பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பொட்டலப் பொருளை மாற்றியிருக்கிறீர்களே, அதற்கான மாற்றப் பதிவு எங்கே? புதிய விநியோகிப்பாளரை மதிப்பிட்ட தாள் எங்கே?" என்று கேட்டார். இல்லை. தரநிலையின் 8.4 பிரிவு வெளியிலிருந்து வாங்குவதைக் கட்டுப்படுத்தச் சொல்கிறது, 8.5.6 உற்பத்தியில் செய்யும் மாற்றங்களை ஆராய்ந்து பதிவு செய்யச் சொல்கிறது. பழைய விநியோகிப்பாளர் மையின் நிறத்தை மாற்றினால்கூட நிரப்பும் அந்தப் படிவத்தை, பையையே மாற்றியபோது நான் நிரப்பவில்லை. "பருவநிலை மாற்றத்தை ஆராய்ந்தோம் என்கிறீர்கள். மழையும் சூடும் கூடினால் கிடங்கில் உங்கள் தூளுக்கு என்ன ஆகும் என்று எழுதவில்லையே அம்மா" என்று மெதுவாகச் சொன்னார். அவர் எழுதிய குறைபாட்டுக் குறிப்பு எனக்குத் தண்டனையாகத் தெரியவில்லை. ஏழு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த பதிலாகவே தெரிந்தது.

பச்சைக் கோப்பை அன்றைக்கே பிரித்துத் தாள்களை மற்ற இரண்டு கோப்புகளிலும் சேர்த்துவிட்டேன். புதிதாக எந்த நடைமுறையும் எழுதவில்லை. இருக்கும் மாற்றப் படிவத்தில் மூன்று வரி கூட்டினேன்: ஒரு பொட்டலத்துக்கு எத்தனை கிராம் பொருள், அது எங்கிருந்து எந்த வழியாக வருகிறது, பயன்படுத்திய பிறகு இந்த ஊரில் எங்கே போய்ச் சேருகிறது. விநியோகிப்பாளர் மதிப்பீட்டிலும் அப்படியே. குறைபாட்டுப் பதிவில், வீணான பொருளின் விலைக்குப் பக்கத்தில் அதன் எடையையும், அவசரமாக விமானத்தில் எதையாவது கொண்டுவந்தோமா என்பதையும் எழுதுகிறோம். மாதக் கூட்டத்தில் தரப் புகாரும் வெளியேற்றமும் ஒரே பக்கத்தில் வரும்போது முதலாளியே இரண்டையும் சேர்த்துப் படிக்கிறார். உங்களிடம் 9001 இருந்தாலும், உணவுப் பாதுகாப்புக்கான 22000 இருந்தாலும், சுற்றுச்சூழலுக்கான 14001 இருந்தாலும் முதன்மைப் பிரிவுகளின் வரிசை ஒன்றுதான். சேர்த்து எழுதுவதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். தனித்தனியாக எழுதித் தருகிறேன் என்று வரும் ஆலோசகரிடம் பணம் கொடுக்கும் முன் இதை யோசியுங்கள்.

விநியோகிப்பாளர்களிடம் தகவல் கேட்பதையும் மாற்றிக்கொண்டேன். எனக்கு வந்த 40 பக்கப் பட்டியலை முன்பு அப்படியே ஈரோட்டு மஞ்சள் வியாபாரிக்கு அனுப்பியிருந்தேன். அவர் பதிலே போடவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணே, மஞ்சளை வேகவைக்க என்ன எரிக்கிறீர்கள்? ஒரு டன்னுக்கு எவ்வளவு?" என்று கேட்டதும் பத்து நிமிடத்தில் விறகுக் கணக்கையும், களத்தில் காயவைக்கும் நாள்களையும், மழை வந்தால் எதைக் கொண்டு மூடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிட்டார். வெளியேற்றத்துக்காகக் கேட்ட கேள்வியில் தரத்துக்கான பதிலும் கிடைத்தது: சரியாக மூடாத களத்து மஞ்சள்தான் ஈரம் கூடி வந்து எங்கள் உலர்த்தியில் கூடுதல் மின்சாரம் தின்றிருக்கிறது. தார்ப்பாய்க்கு நாங்கள் பாதிச் செலவை ஏற்றோம்.

அட்டைப்பெட்டி விஷயத்திலும் ஒரு சிறு எச்சரிக்கை. பொறுப்பான காட்டு நிர்வாகத்துக்குச் சான்று தரும் எஃப்எஸ்சி அமைப்பின் மரச் சின்னம் போட்ட பெட்டி என்று வியாபாரி சொன்னதை நம்பி, எங்கள் விளம்பரத் தாளிலும் அதை எழுதிவிட்டோம். காட்டிலிருந்து பெட்டி வரை கைமாறும் ஒவ்வொருவரிடமும் சான்றிதழ் இருக்க வேண்டும், அந்தக் குறிப்பு ரசீதிலும் வர வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் ரசீதில் அது இல்லை. அச்சடித்த தாள்களை எல்லாம் எடுத்துவிட்டோம். சான்றிதழ் எண்ணை அந்த அமைப்பின் பொதுத் தேடலில் நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம். இரண்டு நிமிட வேலை.

பொட்டலத்தை அப்படியே விட்டுவிடவில்லை. ஹோட்டல் சமையலறைகளுக்கு இப்போது 10 கிலோ வாளியில் தூள் போகிறது. காலி வாளியை எங்கள் லாரியே திருப்பி எடுத்து வருகிறது, கழுவி உலர்த்தி மீண்டும் நிரப்புகிறோம். கடைக்குப் போகும் சிறு பைக்கு, ஈரத்தைத் தடுக்கும் மெல்லிய ஆக்சைடு பூச்சு கொண்ட இன்னொரு பிலிமைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம். மூன்று வெவ்வேறு நாள்களில் ஓட்டிய பைகளைக் கிடங்கின் மிகச் சூடான மேல்தட்டில் பழைய பைகளுக்குப் பக்கத்திலேயே பன்னிரண்டு வாரம் வைக்கிறோம். வாரத்துக்கு ஒரு பையைத் திறந்து ஈரம், நிறம், மணம் மூன்றையும் எழுதுகிறோம். சோதனைப் படிவத்தில் முதல் கையெழுத்துக்கான இடத்தை இயந்திரம் இயக்கும் அக்காவுக்கு ஒதுக்கியிருக்கிறேன். தண்ணீர்த் தொட்டியில் குமிழி வந்தால் அவர் கையெழுத்துப் போட மாட்டார். அவர் போடாமல் என்னால் ஆர்டர் கொடுக்க முடியாது. நேற்று ஏழாவது வாரப் பையைத் திறந்தோம். ஈரம் 9.4. அக்கா ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து பார்த்தார், பலமாகத் தும்மினார், படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.